கல்யாணத்துக்கு எந்த நகம்? எப்படிக் கழலும் என்று முதலில் கேளுங்கள்

என் சித்தி மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு 12 நாள் லீவு கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, ரிசப்ஷன் அன்னிக்கு மட்டுமாவது நகம் நீளமா அழகா இருக்கணும். அக்ரிலிக் போடவா, ஜெல் போடவா, இல்ல கடையில விக்கிற ஒட்டு நகமே போதுமா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் என் தம்பி கல்யாணத்துக்கு நான் அக்ரிலிக் நகம் போட்டுக்கொண்டதும், அதற்கப்புறம் ஆறு மாதம் என் விரல்கள் பட்ட பாடும் அவளுக்குத் தெரியும்.

பார்லரில் முதலில் சின்ன ட்ரில் ஒன்றை வைத்து நகத்தின் மேல் தேய்த்தார்கள். பிடிமானத்துக்கு மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். இடது மோதிர விரலில் சுள்ளென்று சூடு ஏற, கையை இழுத்துக்கொண்டேன். "கொஞ்சம் அப்படித்தான் மேம் இருக்கும்" என்றார் அந்தப் பெண். அப்படி இருக்கக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கல்யாண ஆல்பத்தில் நகம் அழகாகத்தான் இருக்கிறது. மூன்றாவது வாரம் ஆள்காட்டி விரலில் ஓரம் தூக்கிக்கொண்டது. கழற்றுவதற்கு 600 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டில் பழைய ஏடிஎம் கார்டு ஒன்று கிடந்தது. அதை இடுக்கில் செருகி நெம்பி நெம்பி, பத்தையும் ஒரே மாலையில் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வந்தது. பசை என்று நினைத்தேன். அது என் நகம்.

மறுநாள் காலை காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சூடு நேராகச் சதைக்குள் போனது. ஊறுகாய் பட்டால் எரிந்தது. பூண்டு உரிக்க முடியாது, பால் பாக்கெட் முனையைக் கிள்ள முடியாது. நகத்தை லேசாக அழுத்தினால் பூண்டுத் தோல் மாதிரி வளைந்து கொடுத்தது. மோதிர விரலில் ட்ரில் பட்ட இடத்தில், பிறை வடிவில் சிவப்பாக ஒரு பள்ளம்.

நாம் பார்க்கும் நகத்தில் உயிர் கிடையாது. கெரட்டின் என்கிற புரதம் ஏடு ஏடாக அடுக்கி இறுகிய தகடு அது. கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதை உற்பத்தி செய்யும் உயிருள்ள பகுதி நகத்தின் அடியில், தோலுக்குள் இருக்கிறது. அங்கிருந்து கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னால் நகரும். அதனால் உரிந்துபோன ஏட்டை எந்த எண்ணெயும் எந்த சீரமும் திரும்ப ஒட்டாது. கெட்ட பகுதி நுனிவரை வந்து வெட்டுப்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தையில் பிய்த்தேன். ஆடியில்தான் பத்து விரலிலும் முழு நகத்தைப் பார்த்தேன்.

அதனால் அவளிடம் நான் முதலில் கேட்டது, "போட்டதை எப்போ கழற்றணும், எப்படிக் கழற்றப் போற?" என்றுதான். எத்தனை நாள் நிற்கும் என்று பார்லரில் அவர்களே சொல்வார்கள். எப்படிக் கழலும் என்று நாம்தான் கேட்க வேண்டும். பெரும்பாலான நகங்கள் கெட்டுப்போவது கழற்றும் நாளில்தான். கீழே ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்த்திருக்கிறேன்.

முதலில் அக்ரிலிக். ஒரு திரவத்தையும் ஒரு பொடியையும் பிரஷ்ஷில் குழைத்து, நகத்தின் மேல் வைத்து வடிவம் கொடுப்பார்கள். சில நிமிடத்தில் கல்லாக இறுகிவிடும். இது பல் வைத்தியத்திலிருந்து வந்த பொருள். 1954-ல் அமெரிக்காவில் ஃப்ரெட்ரிக் ஸ்லாக் என்கிற பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைச் சரிசெய்யப் பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கை எடுத்துப் போட்டதில் தொடங்கியது. உறுதி என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த உறுதியே பிரச்சினை. நீள நகம் கதவிலோ பீரோவிலோ இடித்துக்கொண்டால், அக்ரிலிக் உடையாமல் நெம்புகோல் மாதிரி நம் சொந்த நகத்தைச் சதையிலிருந்து தூக்கிவிடும்.

இதில் இன்னொரு விஷயம், அந்தத் திரவம் எது என்பது. நல்ல தயாரிப்புகளில் ஈஎம்ஏ எனப்படும் எத்தில் மெத்தக்ரிலேட் இருக்கும். விலை குறைந்ததில் எம்எம்ஏ எனப்படும் மெத்தில் மெத்தக்ரிலேட் இருக்கலாம். நகம் கழன்றது, தோல் அழற்சி வந்தது என்ற புகார்களுக்குப் பிறகு, 1970-களிலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, எம்எம்ஏ கலந்த நகப் பொருட்கள் மீது நடவடிக்கை எடுத்தது. எம்எம்ஏ-வுக்கு வாடை தூக்கலாக இருக்கும். இறுகியபின் மிகக் கடினமாக இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் இளகாது. அதாவது, கழற்ற வேண்டும் என்றால் ராவித்தான் ஆக வேண்டும். பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத பாட்டிலிலிருந்து ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஈஎம்ஏ என்றாலும் அசிட்டோனில் அரை மணி நேரம் வரை ஊறவேண்டும். அவசரப்பட்டால் நான் செய்ததுதான் நடக்கும். திருச்சியில் அவள் விசாரித்த இடத்தில் போடுவதற்கு 2,000 ரூபாய் சொன்னார்கள். கழற்றுவதற்கு எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை. ஒரு நாள் ரிசப்ஷனுக்கு அக்ரிலிக் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வளர்ந்த இடத்தை நிரப்ப நேரமும் பணமும் உள்ளவர்களுக்கு வேண்டுமானால் சரிப்படலாம்.

அடுத்தது ஜெல். ஜெல் என்று ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு விற்கிறது. சொந்த நகத்தின் மேல் பூசி, லேம்ப் வெளிச்சத்தில் காட்டி இறுகவைக்கும் ஜெல் பாலிஷ் ஒன்று. மென்மையான ஜெல்லால் ஆன முழு நகத்தை ஒட்டும் எக்ஸ்டென்ஷன் இன்னொன்று. இவை இரண்டும் அசிட்டோனில் இளகும். மூன்றாவது ஹார்டு ஜெல். இது அசிட்டோனில் கரையவே கரையாது, ராவித்தான் எடுக்க முடியும். "ஜெல் போடுறோம் மேம்" என்று சொன்னால் "ஊறவெச்சா கழலுமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் தெளிவாக வரவில்லையென்றால் அங்கே போட வேண்டாம்.

கழலும் வகை என்றால், முறையாகக் கழற்றுவது பெரிய வித்தையில்லை. மேலே உள்ள பளபளப்பை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளில் விரலைச் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். ஜெல் சுருங்கி, உரிகிற சுவர் பெயின்ட் மாதிரி பொருக்குத் தட்டி நிற்கும். மரக்குச்சியால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வரவில்லையா, மறுபடி சுற்றி இன்னும் ஐந்து நிமிடம். சுரண்டக் கூடாது. முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அசிட்டோன் நகத்தையும் தோலையும் வறட்டிவிடும். அப்புறம் முக்கியமாக ஒன்று, அசிட்டோன் படு வேகமாகத் தீப்பிடிக்கும். அடுப்பு எரிகிற சமையலறையிலோ விளக்கு எரிகிற பூஜை அறைப் பக்கமோ இதைச் செய்யாதீர்கள்.

லேம்ப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். அது புற ஊதாக் கதிர்தான். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைக் கைக்குப் பூசிக்கொள்ளவோ, விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளவோ தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை அலர்ஜி.

ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் இருப்பவை அக்ரிலேட் குடும்பத்து வேதிப்பொருட்கள். முழுதாக இறுகிவிட்டால் பெரிதாகத் தொல்லை தராது. இறுகாத நிலையில் தோலில் பட்டால் சிலருக்கு உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். நகத்தைச் சுற்றி அரிப்பு, விரல் நுனியில் நீர்க்கொப்புளம், தோல் உரிதல் என்று வரும். கை பட்ட இமையிலும் கழுத்திலும் கூடத் தடிப்பு வரலாம். ஒருமுறை வந்தால் அந்த அலர்ஜி பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். இதே குடும்பத்துப் பொருட்கள்தான் பல் அடைக்கும் கலவையிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்புக்கு வைக்கும் சிமென்ட்டிலும், சர்க்கரை நோயாளிகள் ஒட்டிக்கொள்ளும் சில கருவிகளின் பசையிலும் இருக்கின்றன. நகத்துக்காக வாங்கிய அலர்ஜி, 50 வயதில் பல் டாக்டர் நாற்காலியில் வந்து நிற்கலாம். அமெரிக்கத் தொடுதல் ஒவ்வாமைச் சங்கம் 2012-ல் அக்ரிலேட்டை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2018-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கமும் செயற்கை நகங்களைக் குறித்து எச்சரித்தது. இந்தக் குடும்பத்தில் அதிகம் தொல்லை தருவது ஹெமா எனப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தக்ரிலேட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், ஹெமா உள்ள நகப் பொருட்களில் 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட வேண்டும்.

அதனால்தான் ஆன்லைனில் லேம்ப்போடு வரும் ஜெல் கிட்டை வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு கம்பெனி ஜெல்லுக்கு வேறு கம்பெனி லேம்ப் வைத்தால், மேலே இறுகி உள்ளே பச்சையாகவே இருக்கலாம். பழக்கமில்லாத கை பூசும்போது தோலில் வழியும். மெல்லிய கையுறை போட்டாலும் சில நிமிடத்தில் அதை ஊடுருவிவிடும். கையுறை போட்டே வேலை செய்ய வேண்டிய ஒரு நர்ஸுக்கு விரல் நுனியில் தோல் உரிகிற அலர்ஜி வந்தால் வேலையே சிரமம். பார்லரில் போட்டாலும் கவனியுங்கள்: ஜெல் தோலில் பட்டால் லேம்ப்பில் வைக்கும் முன் துடைக்கிறார்களா? லேம்ப்புக்குள் சுட்டால் கையை வெளியே எடுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டிப் பவுடரை அவளே கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். லேம்ப் கிடையாது. பசையைத் தடவி விரலைப் பொடியில் முக்குவார்கள். பசை சூப்பர் க்ளூ வகைதான். கழற்றுவது மறுபடி அசிட்டோன். எல்லோர் விரலையும் ஒரே டப்பாவில் முக்கினால் சுத்தம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி கடையில் பெட்டியாகக் கிடைக்கும் ஒட்டு நகம், பிரஸ் ஆன். இதில் நகம் ஒன்றுதான், ஒட்டும் வழி இரண்டு. பெட்டியில் சின்ன க்ளூ ட்யூப் இருக்கும், அல்லது ஜெல்லி மாதிரி இரு பக்கமும் ஒட்டும் ஸ்டிக்கர் அட்டை இருக்கும். பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நகத்தின் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். மேசை நாற்காலி ஒட்டும் சூப்பர் க்ளூவின் உறவு. ஈரப்பதம் பட்ட நொடியில் இறுகும். நகத்தின் மேல் ஏட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் அந்த ஏட்டோடுதான் வரும். ஒரு வாரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஓரத்தில் எங்காவது நூலளவு இடைவெளி விழும். குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, மாவு கரைக்கும்போது தண்ணீர் அதில் இறங்கி அங்கேயே நிற்கும். சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கழற்றிப் பார்த்தால் நகத்தில் பாசி பிடித்த மாதிரிப் பச்சைக் கறை இருக்கும். என் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கட்டைவிரலில் வந்தது. அடிபட்ட கன்றல் என்று நினைத்து, அதன் மேலேயே புது நகம் ஒட்டியிருந்தார். அப்படி மூடவே கூடாது. கறை தெரிந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விரலை உலர வைத்து, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓரம் தூக்கிய நகத்துக்கு மேலும் க்ளூ விட்டு ஒட்டுவதும் இதே தப்புதான், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

க்ளூவில் இன்னோர் ஆபத்து பலருக்குத் தெரியாது. பருத்தித் துணியில் சிந்தினால் அது கொதிக்கிற மாதிரி சூடாகும். மடியில் வைத்து ஒட்டும்போது ஒரு ட்யூப் வழிந்து நைட்டியில் ஊறினால் தொடை வெந்துவிடும். மேசையில் வைத்து ஒட்டுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். துணியில் கொட்டிவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் கையால் பிரிக்காமல் நேராக ஆஸ்பத்திரி. பெட்டியோடு வந்த க்ளூ தீர்ந்துவிட்டது என்று வீட்டு சூப்பர் க்ளூவை எடுக்காதீர்கள்.

ஸ்டிக்கர் வேறு கதை. அது இறுகுவதில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறி, ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் வந்துவிடும். ட்ரில் வேண்டாம், அசிட்டோன் வேண்டாம். குறை என்னவென்றால் கழலக் கூடாத நேரத்திலும் கழலும். எண்ணெய்ப் பசையும் ஈரமும் அதற்கு ஆகாது. முகூர்த்தத்தில் தாரை வார்க்கும்போது கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஹோமத்தில் நெய் கைபடும், பிறகு பால் பழம். அந்தக் கிண்ணத்தில் ஒரு நகம் விழுவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் ரிசப்ஷனில் மேடையில் நின்று கை கூப்புவதும் போட்டோவுக்கு நிற்பதும்தான் வேலை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஸ்டிக்கர் தாராளமாகத் தாங்கும்.

நெயில் பாலிஷையும் மருதாணியையும் இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தால் சொந்த நகமே 6 மில்லிமீட்டர் வளரும். அதை ஒரே வடிவில் ராவி, நிறமில்லாத ஒரு பூச்சுக்கு மேல் இரண்டு கோட் அடித்தால் கேமராவுக்குப் போதும். மருதாணியில் இருக்கும் லாசோன் என்கிற நிறமி கெரட்டினோடு சேர்ந்துகொள்ளும். அதனால்தான் உள்ளங்கையில் பத்து நாளில் மங்கும் சிவப்பு, நகத்தில் மாதக்கணக்கில் நிற்கிறது. கழற்ற வேண்டிய வேலையே இல்லாதது இது ஒன்றுதான். ஆனால் 'கருப்பு மருதாணி' என்று விற்பதைத் தொடாதீர்கள். அதில் பிபிடி என்கிற தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கலாம், தோல் கொப்பளித்துவிடும்.

சித்தி மகளுக்கு வேலைக்குத் திரும்பும் நாள்தான் கடைசிக் கெடு. நோயாளிகளை நேரடியாகக் கவனிப்பவர்கள் செயற்கை நகம் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கைச்சுத்த வழிகாட்டி சொல்கிறது. கழுவினாலும் அதன் அடியில் கிருமி தங்குகிறது என்பதுதான் காரணம். அவள் வார்டிலும் அதே விதி. ஜெல் எக்ஸ்டென்ஷன் போட்டால், மறுவீட்டு அழைப்பு, விருந்து என்று அலைகிற வாரத்தில் பார்லர் தேடி ஊறவைத்து எடுக்க வேண்டும். நேரம் கிடைக்காமல் போனால், வேலைக்குக் கிளம்பும் முதல்நாள் ராத்திரி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், ஏடிஎம் கார்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் அவளுக்கு நான் சொன்னது: ரிசப்ஷனுக்கு ஸ்டிக்கரில் ஒட்டிய நகம், அன்றிரவே கழற்றிவிட்டுத் தூங்கு. முகூர்த்தத்துக்கு மருதாணி போட்ட சொந்த நகம்.

வேறு நிலைமையில் இருப்பவர்களுக்கு என் பதில் மாறும். இரண்டு வாரம் தாங்க வேண்டும், கழற்றப் போக நேரமும் இருக்கிறது என்றால், சொந்த நகத்தின் மேல் ஜெல் பாலிஷ், நல்ல கை உள்ள இடத்தில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல். ஒன்றைக் கழற்றிய கையோடு அடுத்ததைப் போடாமல் சில வாரம் நகத்தைச் சும்மா விடுங்கள். சொரியாசிஸ், எக்ஸிமா, நகத்தில் பூஞ்சை இருப்பவர்கள் எதையும் ஒட்டும் முன் தோல் மருத்துவரைக் கேளுங்கள். முன்பே ஒருமுறை அரிப்பு வந்தவர்கள் ஜெல், அக்ரிலிக் பக்கம் போகவே வேண்டாம்.

ஏற்கெனவே பிய்த்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு: நகத்தைச் சதை அளவுக்கு ஒட்ட வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், நீளமாக விட்டால் மாட்டிக் கிழியும். பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை. ராத்திரி எண்ணெய். பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரையை நானும் இரண்டு மாதம் சாப்பிட்டேன், வித்தியாசம் தெரியவில்லை. அது தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டலாம் என்று எஃப்டிஏ 2017-ல் எச்சரித்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். நகம் சதையிலிருந்து விலகி வெள்ளையாகத் தெரிந்தாலோ, வலியோ சீழோ இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

நேற்று அவள் ஒரு பெட்டி வாங்கி, ஒரு விரலில் ஒட்டிப் பார்த்துவிட்டுப் போட்டோ அனுப்பினாள். நகம் அகலமாக இருந்தது, தோலின் மேல் ஏறியிருந்தது. பக்கவாட்டில் ராவி, தன் நகத்தின் அகலத்துக்குக் கொண்டுவந்தபின் ஒட்டச் சொன்னேன். ஸ்டிக்கர் அட்டை இரண்டு கூடுதலாக வாங்கி, மேடையில் பக்கத்தில் நிற்கப்போகிற என் கைப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.